எந்த லென்ஸ் வாங்கலாம்? ஒரு 130 ஆண்டுக் கதை

வலசைப் பறவைகள் வரும் காலம் நெருங்கிவிட்டது. செப்டம்பர் பிறந்தால் போதும், வருடாவருடம் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "சார், பறவை எடுக்க எந்தக் கேமரா நல்லது? 400 போதுமா, 600 வேணுமா?"

நான் கடைக்காரன் இல்லை. முப்பது வருடங்களுக்கு மேல் நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தியவன். ஆகவே பதிலும் வாத்தியார் பாணியில்தான் வரும். முதலில் வரலாறு, நடுவில் கொஞ்சம் கணக்கு, அப்புறம்தான் கடைவீதி. பதிவு நீளமானது. அவசரம் உள்ளவர்கள் கடைசிப் பத்திகளுக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வரலாறு தெரியாமல் லென்ஸ் வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுக்கிறார் என்பது என் கருத்து.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. யார்க்‌ஷயர் பகுதியில் ஸ்வேல்டேல் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே த்வெய்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர்கள் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி. அண்ணன் 1862, தம்பி 1871. சிறுவயதில் அடிபட்டதால் அண்ணனுக்குக் கால் ஊனம். ஆனால் மேடு பள்ளமெல்லாம் அலைந்து கூடு தேடுவதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. பறவை போலவே குரல் கொடுத்து அதை அருகில் வரவழைப்பார். அந்த வித்தையைப் பார்த்து வியந்த லண்டன் பதிப்பாளர் ஒருவர் அவருக்கு வேலை கொடுத்து அழைத்துக்கொண்டார். காசெல் பதிப்பகம். பின்னால் தம்பியும் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

1892 ஏப்ரலில் தம்பி செர்ரி ஒரு குருவிக் கூட்டை, உள்ளே இருந்த முட்டைகளோடு, படம் எடுத்தார். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு யோசனை பிறந்தது. முழுக்கப் புகைப்படங்களாலேயே ஒரு பறவைப் புத்தகம் போட்டால் என்ன? அதுவரை பறவைப் புத்தகம் என்றால் ஓவியம்தான். அந்த ஓவியத்துக்கு மாதிரியாக இருந்தது பெரும்பாலும் சுட்டு வீழ்த்திப் பஞ்சடைத்த பறவை. கியர்ட்டன் சகோதரர்களின் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ் நெஸ்ட்ஸ்' 1895-ல் வந்தது. நேரில் எடுத்த புகைப்படங்களை மட்டுமே வைத்து வந்த முதல் இயற்கை நூல் என்று அதைச் சொல்வார்கள்.

தலைப்பைக் கவனித்தீர்களா? பறவைகள் என்று இல்லை, பறவைக் கூடுகள் என்று இருக்கிறது. ஏன் கூடு? இங்கேதான் நம்முடைய லென்ஸ் கேள்வியே ஆரம்பிக்கிறது.

அன்றைய கேமரா மரப்பெட்டி. படம் விழுவது கண்ணாடித் தகட்டில். ஒரு படம் எடுத்தால் தகட்டை மாற்றி அடுத்ததற்குத் தயாராக வேண்டும். ஒளியைப் பிடிக்கும் வேகமும் குறைவு. பறக்கிற பறவையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உட்கார்ந்திருக்கும் பறவையும் எங்கே வரும், எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். தாய்ப்பறவை எத்தனை முறை விரட்டினாலும் திரும்ப அங்கேதான் வரும். முட்டை அசையாது. ஆக, கைக்கு எட்டும் தூரத்தில் மட்டுமே வேலை செய்யும் கருவியோடு போனவர்களுக்குக் கூட்டைத் தவிர வேறு வழியே இல்லை.

கிட்டே போவதற்கு அந்தச் சகோதரர்கள் செய்த காரியங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முக்காலியை ஆள் உயரத்துக்கு மேல் நீட்டி, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று எடுத்தார்கள். கடல் பாறைகளில் கயிறு கட்டித் தொங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மாடு செய்தார்கள். உண்மையான மாட்டுத்தோலை உள்ளே கூடான மரச் சட்டத்தின் மேல் போர்த்தி, ஓர் ஆள் கேமராவோடு உள்ளே குனிந்து நிற்கும்படி செய்த பொய்மாடு. வெளியே பார்த்தால் மேயும் மாடு. மாட்டைக் கண்டு எந்தப் பறவை பயப்படும்? ஒருநாள் உள்ளே வெகுநேரம் குனிந்திருந்த அண்ணன் மயங்கிச் சாய, மாடும் கவிழ்ந்து நான்கு காலும் வானத்தைப் பார்த்துக் கிடந்ததாம். திரும்பி வந்த தம்பி முதலில் அந்தக் காட்சியைப் படம் எடுத்துவிட்டுத்தான் அண்ணனை வெளியே இழுத்தார் என்பார்கள். படம் எடுக்கிறவர்கள் அன்றும் இப்படித்தான்!

இதே காலத்தில் லண்டனில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர் என்பவர் லென்ஸ் செய்யும் குடும்பத்தில் வந்தவர். 1891-ல் டெலிஃபோட்டோ லென்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் என்ற இருவரும் அதே ஆண்டு வாக்கில் தனித்தனியே அதே யோசனைக்கு வந்திருந்தார்கள். மூன்று பேர் மூன்று இடத்தில் ஒரே பழத்தைப் பறித்தது போல.

டெலிஃபோட்டோ என்றால் என்ன? ஆறாம் வகுப்பில் குவிலென்ஸ், குழிலென்ஸ் படித்தது நினைவிருக்கும். குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கும், குழிலென்ஸ் விரிக்கும். தூரத்துப் பொருள் பெரிதாக விழ வேண்டுமானால் குவியத் தூரம் நீளமாக இருக்க வேண்டும். 600 மி.மீ. குவியத் தூரம் வேண்டுமென்றால் லென்ஸ் தகட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும், இரண்டடிக் குழாய். டால்மேயர் முன்னால் ஒரு குவிலென்ஸ் தொகுதி, பின்னால் ஒரு குழிலென்ஸ் தொகுதி வைத்தார். முன்னது வேகமாகக் குவிக்கிறது, பின்னது அந்தக் குவிதலைத் தளர்த்தி நீட்டுகிறது. விளைவாக, நீளமான லென்ஸ் தரும் பெரிய பிம்பம் நீளம் குறைந்த குழாயிலேயே கிடைத்துவிடுகிறது. இன்று உங்கள் தோளில் தொங்கும் லென்ஸுக்கும் இதுதான் அடிப்படை. 130 வருடமாகத் தத்துவம் மாறவில்லை.

ஆனால் அன்று அதில் ஒரு பெரிய குறை. பிம்பம் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கும். அன்றைய தகட்டில் அந்த மங்கிய ஒளி பதிய நேரம் பிடிக்கும். மலையையும் கோபுரத்தையும் எடுக்கலாம், அவை காத்திருக்கும். வாலாட்டிக்குருவி காத்திருக்காது. அதனால் டெலிஃபோட்டோ வந்த பிறகும் பறவைக்காரர்கள் வெகுகாலம் கிட்டே போய்த்தான் எடுத்தார்கள்.

அப்படிக் கிட்டே போனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் எம்மா லூயிசா டர்னர். ரிச்சர்ட் கியர்ட்டனைச் சந்தித்த பிறகு, 30 வயதுக்கு மேல் கேமராவைத் தொட்டவர். நார்ஃபோக்கின் சதுப்பு ஏரிகளில் ஒரு படகு வீட்டில் ஆண்டின் பல மாதங்கள் தனியாக வாழ்ந்தார். 1904-ல் லின்னேயன் கழகம் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது அந்த முதல் வரிசையில் இவரும் இருந்தார். அந்தச் சதுப்பில் நாணலுக்குள் மறைந்து வாழும் குருகு இனம் ஒன்று உண்டு, பிட்டர்ன் என்பார்கள். வேட்டையாலும் சதுப்பு வற்றடிக்கப்பட்டதாலும் பிரிட்டனில் அது குஞ்சு பொரிப்பதே நின்றுபோயிருந்தது. 1911-ல் டர்னர் நாணலுக்குள் ஒரு குஞ்சைக் கண்டுபிடித்துப் படம் எடுத்தார். அந்தப் பறவை மறுபடி இங்கே இனம் பெருக்குகிறது என்பதற்கு அது சாட்சி ஆனது. ஒரே ஒரு படம்! கண் துடிக்கும் கூர்மையோ பின்புல மங்கலோ அதற்கு மதிப்பைக் கொடுக்கவில்லை. அது என்ன சொன்னது என்பதுதான் மதிப்பு. பல லட்சம் கொட்டி வாங்கியும் பூங்காவில் மைனா மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, இது உங்களைக் குத்துவதற்காகச் சொன்னதல்ல. (கொஞ்சம் குத்துவதற்காகவும்தான்.)

கிட்டே போவதற்கு மனிதனும் விலை கொடுத்தான். எரிக் ஹோஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படக்காரர் 1937-ல் வேல்ஸ் பகுதியில் ஓர் ஆந்தைக் கூட்டருகே மறைவிடம் அமைத்திருந்தார். இருட்டில் மறைவிடத்துக்குத் திரும்பியபோது சத்தமில்லாமல் வந்த ஆந்தை முகத்தில் பாய்ந்தது. ஒரு கண் போய்விட்டது. அவர் தொழிலை விடவில்லை. மின்வீச்சு விளக்கை இரவுப் பறவைகளுக்குப் பயன்படுத்துவதில் முன்னோடியானார். எலியைக் கவ்விக்கொண்டு இறக்கை விரித்து நிற்கும் கூகையின் 1948-ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. தன் வரலாற்று நூலுக்கு அவர் வைத்த தலைப்பு 'அன் ஐ ஃபார் எ பேர்ட்'. ஒரு பறவைக்காக ஒரு கண் என்றும் படிக்கலாம், பறவையைக் காணும் கண் என்றும் படிக்கலாம். மனுஷருக்கு எவ்வளவு நகைச்சுவை பாருங்கள்.

மனிதனுக்கு ஒரு கண் போனது வரலாற்றில் ஏறிவிட்டது. ஆனால் அந்த ஐம்பது அறுபது வருடத்தில் எத்தனை கூடுகள் கைவிடப்பட்டன என்ற கணக்கு எங்கும் இல்லை. படத்துக்கு மறைக்கிறதே என்று கூட்டைச் சுற்றி இலைகளை ஒதுக்குவது, கிளையைக் கட்டுவது, சிலசமயம் வெட்டுவதுகூட அப்போது வழக்கம். இலை போனால் வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். காக்கையின் கண்ணும் விழும். நாம் நடந்துபோன தடத்தில் கீரியும் பூனையும் வரும். படம் எடுத்தவர் அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார், அடுத்த நாள் கூட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

நம் நாட்டுக்கு வருவோம். மலேயாவில் பிறந்து சிங்கப்பூரில் திரையரங்குத் தொழில் நடத்திய செல்வந்தர் லோக் வான் தோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் அடைக்கலம் புகுந்தபோது சாலிம் அலியோடு நட்பு உண்டானது. பின்னால் இருவரும் சேர்ந்து இந்தியாவின் பல மூலைகளுக்குப் பறவை தேடிப் போனார்கள். சாலிம் அலி கண்ணால் பார்த்துக் குறிப்பெடுப்பார், லோக் படம் எடுப்பார். அவருடைய 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' 1957-ல் வெளிவந்தது. 1964-ல் விமான விபத்தில் இறந்தார்.

நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். காட்டுயிர்களைக் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அவருடைய கேமராவைப் பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மீதி அவரே இணைத்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கம்பீரமாகப் பெயரும் வைத்திருந்தார். கையில் இருந்ததை வைத்துத் தனக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்துகொண்டார். வருடத்துக்கு ஒரு புது மாடல் மாற்றும் நம் தலைமுறை அந்தப் பெயரைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் ஃபிலிம் பெரிய தடை. உதகையில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வரும். ஒரு சுருளுக்கு 36 படம். கழுவி அச்சிட்டுப் பார்த்தால்தான் குருவி வந்ததா, வெறும் கிளை வந்ததா என்று தெரியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வண்ண ஃபிலிமில் பேர்போன கோடாக்ரோமின் வேகம் 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் எஃப்/16 துளைக்கு ஷட்டர் ஏறக்குறைய 1/64 வினாடி என்பது பழைய கைக்கணக்கு. எஃப்/8 லென்ஸ் வைத்தால் நான்கு மடங்கு ஒளி, ஷட்டர் 1/250 என்று ஆகும். 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து ஆடாமல் எடுக்கக் குறைந்தது 1/500 வேண்டும். ஆக உச்சி வெயிலிலேயே போதவில்லை. காலை ஆறரை மணிக்கு, மரநிழலில், எங்கே போவது? ஒன்று கனமான முக்காலி, அல்லது துளை பெரிதான லென்ஸ்.

துளை பெரிது என்றால் எவ்வளவு? குவியத் தூரத்தை அந்த எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மி.மீ. சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்குக் குறையாத கண்ணாடி! அதைக் குறையில்லாமல் வார்த்து, தேய்த்து, நிறம் பிசகாமல் இருக்கச் சிறப்புக் கண்ணாடிகளும் சேர்த்தால் விலை கார் விலைக்குப் போகிறது, எடை நாலு கிலோவுக்குப் போகிறது. 600 எஃப்/4 இன்றும் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பதற்குக் காரணம் கம்பெனியின் பேராசை மட்டும் அல்ல. இயற்பியலும்தான்.

இந்தத் தடையைத் தாண்ட இடைக்காலத்தில் பல வழிகளைத் தேடினார்கள். ரஷ்யரான மக்சூதோவ் 1941-ல் கண்டுபிடித்த தொலைநோக்கி அமைப்பை வைத்து சோவியத் நாட்டில் கண்ணாடி ஆடி லென்ஸ் செய்தார்கள். ஒளியை இரண்டு ஆடிகளுக்கு இடையே மடித்து அனுப்பி 500 மி.மீ. லென்ஸை ஒரு சாண் அளவுக்குச் சுருக்கினார்கள். மலிவு, எடை குறைவு. ஆனால் துளையை மாற்ற முடியாது, பின்னணியில் ஒளிப்புள்ளிகள் எல்லாம் மெதுவடை மாதிரி வளையம் வளையமாக விழும். பழைய பத்திரிகைகளில் பறவைக்குப் பின்னால் வடை மிதந்தால் அது ஆடி லென்ஸ் என்று கண்டுகொள்ளுங்கள். ஜெர்மனியின் நோவோஃப்ளெக்ஸ் வேறு வழியில் போனது. துப்பாக்கிப் பிடி மாதிரி ஒன்றை அமுக்கினால் குவியம் நகரும். பறக்கும் பறவையைத் தொடர்ந்தபடியே கையால் குவியப்படுத்த அதை ஒரு தலைமுறையே நம்பியிருந்தது.

பிறகு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுவந்தது. 1987-ல் கேனன் இஓஎஸ் வரிசை அந்த மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. 1993-ல் வந்த கேனன் 400 எஃப்/5.6 பறக்கும் பறவை எடுப்பவர்களின் செல்லப்பிள்ளை. ஒன்றேகால் கிலோதான். 1995-ல் அதே கம்பெனி கை நடுக்கத்தை ஈடுகட்டும் லென்ஸ் கொண்டுவந்தது. நடுங்கும் கைக்காரன் என்ற முறையில் அந்தப் பொறியாளர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. 2003-ல் கேனன் 300டி ஆயிரம் டாலருக்குள் வந்தபோது ஃபிலிம் செலவு என்பதே தீர்ந்தது.

நடுவில் ஒரு மலேசியர் கதை. லாரன்ஸ் போ என்ற பறவை நோக்கர் 1999 வாக்கில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவைப் பறவை பார்க்கும் ஸ்கோப்பின் கண்வில்லையில் வைத்து அழுத்திப் பார்த்தார். படம் அற்புதமாக விழுந்தது. 'டிஜிஸ்கோப்பிங்' என்று உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இன்றும் ஸ்கோப் வைத்திருப்பவர்கள் செல்பேசியை ஒட்டிவைத்து எடுக்கிறார்கள். கிருஷ்ணனின் ஒட்டுக்கட்டுக் கேமராவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று இதைச் சொல்லலாம்.

என் பார்வையில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்கு உண்மையான திருப்பம் 2013-ன் இறுதியில் வந்தது. டாம்ரான் 150-600 லென்ஸை ஏறக்குறைய ஆயிரம் டாலருக்கு அறிவித்தது. அடுத்து சிக்மா அதே அளவில் இரண்டு வகை. 2015-ல் நிக்கான் 200-500. 2019-ல் சோனி 200-600. பத்து லட்சம் இருந்தால்தான் 600 என்பது மாறி, ஒன்றிலிருந்து ஒன்றரை இரண்டு லட்சத்துக்குள் 600 என்று ஆனது. அந்த விலை எப்படிச் சாத்தியமானது? துளையைக் குறைத்தார்கள். எஃப்/6.3 என்றால் விட்டம் 95 மி.மீ.தான். முன்பு அந்த மங்கல் லென்ஸ் உதவாது. இப்போது உணரியின் வேகத்தை 1600 வைத்தாலும் படம் சுத்தமாக இருக்கிறது. நிழலில் இருக்கும் குருவிக்கே 1/1000 வினாடி கிடைத்துவிடுகிறது. லென்ஸ் பெரிதாக முன்னேறியதைவிட, மங்கல் லென்ஸை மன்னிக்கும் அளவுக்கு உணரி முன்னேறிவிட்டது. 2020-ல் கேனன் இன்னும் துணிந்து எஃப்/11-ல் 600-ம் 800-ம் கொண்டுவந்தது. அந்த 600 ஒரு கிலோகூட இல்லை. அதே ஆண்டு வந்த ஆர்5 கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்தது. ஹோஸ்கிங் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

சரி, கடைவீதி. இரண்டாவது கணக்கு இது. முழுச்சட்ட உணரியின் அகலம் 36 மி.மீ. 600 லென்ஸில், 20 மீட்டர் தூரத்தில், படத்துக்குள் அடங்கும் அகலம் 1.2 மீட்டர். சிறுமீன்கொத்தி 17 சென்டிமீட்டர். படத்தின் ஏழில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கினால் நல்ல படம். 400 லென்ஸில் அதே அளவு வர 13 மீட்டருக்கு வர வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் 1.7 மீட்டருக்கு வர வேண்டும், அதாவது கியர்ட்டனின் மாட்டுக்குள் புக வேண்டும். மீன்கொத்தி இருபது மீட்டரில் நம்மைப் பொறுத்துக்கொள்ளும், பதின்மூன்றில் பெரும்பாலும் கிளம்பிவிடும். 400-க்கும் 600-க்கும் இடையே நாம் கொடுக்கிற பணம் அந்த ஏழு மீட்டருக்குத்தான்.

சின்ன உணரி கொண்ட ஏபிஎஸ்-சி வகைக் கேமராவை இளக்காரமாக நினைக்காதீர்கள். அதே 600 லென்ஸில் அடங்கும் அகலம் 80 சென்டிமீட்டராகச் சுருங்கும், குருவி பெரிதாகத் தெரியும். பறவைக்கு இது வசதி. பட்ஜெட் ஒன்றரை லட்சம் என்றால் ஒரு லட்சத்துக்கு லென்ஸ், மீதிக்கு ஏபிஎஸ்-சி கேமரா, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கேமரா நாலு வருடத்தில் கிழடாகிவிடும், நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். எங்கள் வயதுக்காரர்கள் எடையை முதலில் பாருங்கள். இரண்டு கிலோ லென்ஸ் கடையில் பூ மாதிரி இருக்கும், ஏரிக்கரையில் மூன்றாவது கிலோமீட்டரில் அம்மிக்கல் ஆகும். ஒன்றரை கிலோவுக்குக் கீழான 100-400, 100-500 போன்றவை கையோடு வரும். வீட்டில் விட்டுவிட்டுப் போகும் 600-ஐவிடக் கையில் இருக்கும் 400 மேல்.

ஐம்பதாயிரத்துக்குள்தான் முடியும் என்பவர்களுக்கு நிக்கான் பி900 மாதிரிப் பெருந்தாவல் கேமராக்கள் உண்டு. 2015-ல் வந்த அது 2000 மி.மீ.க்குச் சமமான தூரம் இழுக்கும். உணரி விரல்நகத்தைவிடச் சின்னது, முழுச்சட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்தால் படம் குழம்பும், பறக்கும் பறவை கடினம். ஆனால் எந்த உள்ளான், எந்த மண்கொத்தி என்று அடையாளம் காண இது போதும். கணக்கெடுப்புக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் இதை வைத்துத்தான் உருப்படியான பதிவுகள் செய்கிறார்கள். டர்னரின் குருகுக் குஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாயையையும் உடைத்துவிடுகிறேன். 800, 1000 என்று போனால் ஏரியின் அக்கரையில் இருக்கும் கூழைக்கடா கூர்மையாக வரும் என்று நினைக்கிறார்கள். வராது. வெயில் ஏறியதும் நீருக்கு மேல் காற்று அலைபாயும். எந்த லென்ஸும் கானலைத் துளைக்காது. நூறு மீட்டருக்கு அப்பால் காலை ஒன்பதரைக்கு மேல் எடுப்பதெல்லாம் ஓவியம் மாதிரித்தான் இருக்கும். வேடந்தாங்கல் கோபுரத்திலிருந்து எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டும் நண்பர்கள் காலை ஏழு மணிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். அந்த ஏரியை ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியரிடம் எழுத்துமூலம் வாங்கிய ஊர் அது.

கடைசியாக, நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். சென்ற கோடையில் ஓர் ஏரிக்கரை மண்மேட்டில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டியிருந்தன. ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் 600 மி.மீ. லென்ஸ், வளையிலிருந்து நாலு மீட்டரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாய்ப்பறவை வாயில் தும்பியைக் கவ்வியபடி மேலே கம்பியில் இருந்தது. இறங்கவில்லை. வாலை ஆட்டுகிறது, எழுகிறது, மறுபடி கம்பிக்கே போகிறது. நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. "வாயில தும்பியோட சூப்பர் போஸ்" என்று ஒரு தம்பி மகிழ்ந்தார். தும்பியை விழுங்காமல் வைத்திருக்கிறதென்றால் உள்ளே பசியோடு குஞ்சு காத்திருக்கிறது என்று அர்த்தம். சொன்னேன். இரண்டு பேர் எழுந்து பின்னால் வந்தார்கள், மற்றவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

கியர்ட்டன் கூட்டருகே போனதற்குக் காரணம் இருந்தது, அவரிடம் வேறு கருவி இல்லை. இருபது மீட்டரில் நிற்பதற்காக ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸோடு நாலு மீட்டரில் போய் உட்கார்வதற்கு என்ன காரணம்? நம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வரையறையை எடுத்துப் படியுங்கள். பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் வருகிறது. பிரிட்டனிலும் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே நெருங்கித் தொந்தரவு செய்ய உரிமம் இல்லாமல் முடியாது. கியர்ட்டன் பிறந்த நாட்டிலேயே!

வாங்கப்போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் இரண்டு. பெருநகரங்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. இரண்டு நாள் எடுத்துப்போய் உங்கள் ஊர் ஏரியிலேயே தூக்கி நடந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். பழைய லென்ஸ் வாங்கினால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நம் கடலோரக் காற்றில் ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதம் போதும் அது பிடிக்க. தோல்பைக்குள் பூட்டி வைக்காதீர்கள். ரப்பர் ஓரம் வைத்த காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய்க்கு ஓர் ஈரப்பத மானி. முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியை மட்டும் சமையலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.